கோர்ட்டு கலையும் வரை

ஆகஸ்ட் பத்தாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறே கால் மணி. தூறல். குடை பிடிக்கும் அளவுக்கு இல்லை. பிடிக்காமல் போனால் சட்டை நனைந்துவிடும் அளவுக்கு உண்டு. முந்தின நாள் ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலையிலிருந்து இறங்கிய மொட்டைத் தலைகளும் காவடிகளும் எங்கள் தெரு வழியாகத்தான் பஸ் நிலையத்துக்குப் போயிருந்தன. வாசலெல்லாம் மிதிபட்ட சாமந்தி. இப்போதே பெருக்குவதா, தூறல் நிற்கட்டுமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா கையில் கிண்ணத்தோடு வந்தார்.

“அண்ணா, வாயத் தெறங்க.”

சர்க்கரை. எனக்கு அது ஆகாது என்பது தெருவுக்கே தெரியும். ஒரு சிட்டிகை என்று சொல்லி ஒரு கரண்டியைப் போட்டுவிட்டார்.

“எம் பொண்ணு முழுகாம கீறா. நாலு மாசமாம். இப்பதான் சொல்றா, கழுத.”

ஒரே மகள். கல்யாணமாகி ஒன்பது வருடம், புருஷனோடு துபாயில். தைப்பூசத்தை ஒட்டிப் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் வேலை. மாப்பிள்ளையின் அம்மா மூட்டு ஆபரேஷன் ஆகி பொதட்டூர்பேட்டையில் படுத்திருந்தார். பெண்ணுக்குத் துணை என்றால் இவர்தான் போக வேண்டும்.

“பாஸ்போர்ட்டு எடுக்கணும்ணா. நீங்கதான் கூட வரணும். ஆனா ஒண்ணு, நான் தண்டன ஆனவ. அத மொதல்லயே சொல்லிடறேன்.”

“எனக்குத் தெரியாதாம்மா?”

“தெரியும். இருந்தாலும் சொல்லணும் இல்ல?”

தெருவில் அவருக்குக் கோர்ட்டம்மா என்று பெயர். யார் இட்டார்கள் என்று தெரியவில்லை. அவரே இட்டுக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

அம்மையார்குப்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். புருஷன் இப்போது இல்லை. வீட்டின் முன்கட்டில் இரண்டு விசைத்தறி. அவை ஓடினால் எங்கள் வீட்டுச் சுவரில் காலண்டர் ஆடும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை என்பதால், அவர் ரகசியம் சொன்னாலும் எதிர் வரிசைக்குக் கேட்கும். இப்போது அவர் மகளோடு போய்விட்டார். தறியை விற்றாகிவிட்டது. காலண்டர் ஆடுவதில்லை. ஆடினபோது ஆடுகிறதே என்று எரிச்சல்பட்டேன். இப்போது ஆடவில்லையே என்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய வழக்கை அவர் வாயால் நான் கேட்ட தடவைகளை எண்ணியிருக்கிறேன். கருவூலத்தில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்தவனுக்கு எண்ணாமல் இருக்க வராது. எனக்கு என்று சொன்னது மூன்று தடவை. என் முன்னால் மற்றவர்களுக்குச் சொன்னது பத்தொன்பது.

“மே மாசம். ஒம்பது நாளு தெருக் கொழாயில தண்ணி இல்ல. பத்தாவது நாளு மோட்டார் ரூமுல எட்டிப் பாக்கறேன், தண்ணி தெறந்து வுடற ஆளு துண்ட விரிச்சிப் போட்டுத் தூங்கறாரு. தறிக்கொட்டாய் பூட்டு கையில இருந்துச்சு. போட்டுட்டேன். தண்ணி வுட்டாதான் தெறப்பேன்னுட்டேன்.”

இந்த இடத்தில் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்துவார். சிரிக்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

“அந்தாளு ஜன்னல்ல நின்னுகினு கத்தறாரு, ‘வால்வு வெளியில கீதும்மா, நான் உள்ள இருந்தா எப்டித் தெறக்கறது’ன்னு. என்ன ஏமாத்தறாருன்னு நெனச்சிகினேன். அஞ்சு மணிக்கு மெக்கானிக்கு வந்தான். மோட்டாரே எரிஞ்சி கெடக்குதாம். அந்தாளு அவனுக்குதான் காத்துகினு இருந்தாராம்.”

இப்போது சிரிக்கலாம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வால்வுக்காரர் பெரிதுபடுத்தவில்லை. அவருடைய மேலதிகாரி விடவில்லை. புகாரில் கையெழுத்துப் போடச் சொன்னார், வால்வுக்காரர் போட்டார். வேலை செய்கிறவரை அறையில் அடைத்தது குற்றம் என்று வழக்கு. கோர்ட்டில் நீதிபதி, அடைத்தது உண்மையா என்று கேட்டார். இந்த அம்மா வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை.

“ஆங், அடைச்சேங்கன்னு சொல்லிட்டேன். வக்கீலு வெச்சா வாய்தா வாய்தான்னு இழுக்கும். தறியில புதுப் பாவு ஏத்திட்டு வந்துகீறேன். நாலு நாளு நின்னா நூலு தொய்ஞ்சிடும். ஒத்துகினா இன்னிக்கே முடிஞ்சிதுன்னு போலீசுக்காரரே சொன்னாரு.”

அன்றைக்கே முடிந்தது. அபராதமும், நீதிமன்றம் கலையும் வரை சிறையும். அப்படி ஒரு தண்டனை உண்டு. ஜெயிலுக்கு அனுப்ப மாட்டார்கள். நீதிபதி எழுந்து போகும் வரை கோர்ட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தாலும் அது சிறைதான், தீர்ப்பு தீர்ப்புதான். அந்த வேறுபாடெல்லாம் பாவு போட்டுவிட்டு வந்தவருக்கு யார் சொல்வார்கள்?

“நான் அவர பத்தரையிலருந்து அஞ்சு வரைக்கும் அடைச்சேன். ஜட்ஜி என்ன பத்தரையிலருந்து அஞ்சு வரைக்கும் ஒக்கார வெச்சாரு. நேராப் போச்சு. ஆனா நான் ஜன்னல் வழியா அவருக்குச் சோறு குடுத்தேன். எனக்கு அங்க யாரும் குடுக்கல. அந்த ஒரு வேள சோறு கெவுருமெண்டு எனக்கு பாக்கி.”

இவ்வளவு சொல்கிறவர் அபராதம் எவ்வளவு என்று மட்டும் சொன்னதில்லை. கேட்டால், “கட்டியாச்சுண்ணா,” என்று எழுந்து தறியைப் பார்க்கப் போய்விடுவார். எனக்குத் தேதி தெரியும், நேரம் தெரியும், கோர்ட் விசிறி எந்தப் பக்கம் சுற்றியது என்பதுகூடத் தெரியும். அந்த ஒரு தொகை மட்டும் தெரியாது. எனக்கு அது பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி.

மாடிக்குக் குடிவந்த வங்கிக்காரரிடம் வாடகை பேசும் முன்பே வழக்கைச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் பயந்துபோய் அட்வான்சைக் கூட்டிக் கொடுத்தார். ஓட்டுச்சாவடியில் மை வைக்கும் பெண்ணிடம், “தண்டன ஆனவங்க போடலாமா?” என்று கேட்டார். “இப்ப ஜெயில்ல இருக்கீங்களாம்மா?” என்றாள் அந்தப் பெண். “இல்ல, வெளியிலதான் கீறேன்.” “அப்ப வெரல நீட்டுங்க.” ஒவ்வொரு தேர்தலிலும் இதைக் கேட்பார். பதில் மாறிவிடுமோ என்பதுபோல.

பெண்ணைப் பார்க்க வந்தவர்களிடம் அவர் சொன்ன நாளில் நான் அங்கே இருந்தேன். கேசரித் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேரில் ஐந்து பேர் கரண்டியைக் கீழே வைத்தார்கள். சம்பந்தம் போயிற்று என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் ஒரு வாய் கேசரி தின்று முடித்துவிட்டுக் கேட்டார்:

“எங்க தெருவுலயும் தண்ணி வுடறவன் ஒருத்தன் கீறான். அந்தப் பூட்ட எந்தக் கடையில வாங்கினீங்க, சம்பந்தி?”

ஒரே ஒரு தடவைதான் அது அவரைக் கடித்தது என்று நினைக்கிறேன். பள்ளியில் சத்துணவு ஆயா வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது அங்கேயும் சொல்லியிருக்கிறார். வேலை வேறொருவருக்குப் போயிற்று. அதனால்தானா என்று யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. “அவங்க கேக்கவே இல்லண்ணா, நானாதான் சொன்னேன்,” என்றார். அன்று மட்டும் குரல் எதிர் வரிசைக்குப் போகவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் பாஸ்போர்ட் மனுவைப் போட உட்கார்ந்தோம். ஒரு கேள்வி வந்தது. தட்டச்சு செய்த பெண் தமிழில் சொன்னாள்: கடந்த ஐந்து வருடத்துக்குள் ஏதாவது குற்றத்துக்காக இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றது உண்டா?

“இல்லைன்னு போடும்மா,” என்றேன்.

“உண்டுன்னு போடு,” என்றார் இவர்.

நான் விளக்கினேன். ஐந்து வருடத்துக்குள் என்று கேட்கிறார்கள். உங்களுக்கு இருபத்தெட்டு வருடம் ஆயிற்று. இரண்டு வருடம் என்று கேட்கிறார்கள். நீங்கள் உட்கார்ந்தது ஆறரை மணி நேரம். இல்லை என்பதுதான் இங்கே உண்மை.

“கணக்குல நீங்க சொல்றது சரிண்ணா. ஆனா தண்டன உண்டான்னு ஒருத்தர் கேட்டு, நான் இல்லன்னு சொன்னா, எம் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது? உண்டுன்னு போடு கண்ணு.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மனு யாருடையதோ அவர் சொன்னதைத்தானே போட முடியும்? போட்டாள்.

பயந்தது நடந்தது. பாஸ்போர்ட் அலுவலகத்தில் கோப்பு நின்றது. தீர்ப்பின் நகலைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார்கள். கோர்ட்டில் நகல் மனுப் போட்டோம். அங்கிருந்து வந்த பதில்: சிறு வழக்குகளின் கட்டுகள் விதிப்படி இத்தனை வருடம்தான் வைத்திருக்கப்படும், அதன்பின் அழிக்கப்படும், இது அழிக்கப்பட்டது, நகல் தருவதற்கில்லை.

கோர்ட் எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்காரும் வக்கீல் ஒருவரிடம் போனோம். இந்தத் தண்டனையையே அழித்துவிட ஏதாவது மனு உண்டா என்று கேட்டேன். இருந்தால் ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று எனக்கு ஆசை.

“மேல்முறையீட்டுல ரத்தானாதான் சார் தீர்ப்பு போவும். மத்தபடி பெரியவங்க தண்டனைய அழிக்கறதுக்குன்னு நம்ம ஊர்ல தனி வழி கெடையாது. பதினெட்டு வயசுக்குக் கீழன்னா வேற; அதுக்குச் சட்டம் இருக்குது. இவங்க விசயத்துல, அன்னிக்கே ஒரு வக்கீல் எந்திரிச்சி, மொதத் தப்பு, நன்னடத்தச் சட்டத்துல வுட்டுடுங்கன்னு கேட்டிருக்கலாம். கெடச்சிருந்தா, தண்டனையால வர்ற தகுதிக் குறைவு எதுவும் ஒட்டியிருக்காது. சத்துணவு வேலைக்கே நெஞ்ச நிமித்திப் போயிருக்கலாம். இவங்க யாரையும் வெக்கல.”

“தறியில பாவு நின்னுகினு இருந்துச்சு நைனா.”

“கெடக்கட்டும்மா. பாஸ்போர்ட்டுக்கு இது தடையே இல்ல. இல்லன்னு போட்டிருந்தா பொய்யும் இல்ல. உண்டுன்னு போட்டுதான் மாட்டிக்கினீங்க.”

ஆனால் அந்த அம்மாவின் காதில் வேறொன்று விழுந்திருந்தது. “அழிச்சிட்டாங்களா? யாரக் கேட்டு அழிச்சாங்க? ஒரு நாளு பூரா ஒக்காந்துட்டு வந்துகீறேன். இப்ப நான் ஒக்காரவே இல்லன்னு ஆயிடுமா?”

“கட்டுதாம்மா இல்ல. தீர்ப்பு இருக்குது.”

“எங்க கீது?”

வக்கீல் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். “இப்போதைக்கு உங்க வாயிலதாம்மா.”

பெஞ்சே சிரித்தது. இந்த அம்மாவும் சிரித்தார். ஆட்டோவில் ஏறினோம். மலை வளைவு தாண்டியதும், எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்:

“அண்ணா, நான் வாயத் தொறந்து எம் பொண்ணத் தனியா வுட்டுட்டேனா?”

அப்போது நவம்பர். மகள் தினமும் போனில், “பாஸ்போர்ட்டு வந்துச்சாம்மா?” என்று கேட்பது சுவர் தாண்டி எனக்கே கேட்கும். இனிமேலாவது இதைச் சொல்வதை நிறுத்துங்கள் அம்மா, கட்டே அழிந்துபோயிற்று, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

“மறைச்சா நான் இன்னும் அங்கியே ஒக்காந்துகினு இருக்கற மாதிரி கீதுண்ணா. சொன்னாதான் எனக்குக் கோர்ட்டு கலையுது.”

கோர்ட் கொடுத்த பதிலையே பாஸ்போர்ட் அலுவலகத்தில் காட்டினோம். அவர்கள் போலீஸ் விசாரணைக்கு அனுப்பினார்கள். இனி எல்லாம் அந்த அறிக்கையில்தான். ஒரு மழை நாளில் இளம் போலீஸ்காரர் ஒருவர் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, விசாரணைக்கான டேப்லெட்டைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓடி வந்தார். காபி வந்தது. கூடவே வழக்கும் வந்தது. என் கணக்கில் பத்தொன்பதாவது.

“ஸ்டேஷன்ல உங்க பேருல ஒண்ணுமே இல்லம்மா,” என்றார் அவர்.

“சரியாப் பாருங்க நைனா.”

“பாத்துட்டேம்மா. சுத்தமா இருக்குது.”

“பழைய பீரோவுல தேடுனீங்களா?”

“யம்மா, எல்லாரும் இல்லன்னு சொல்லுவாங்க, நாங்க இருக்குன்னு சொல்லுவோம். நீங்க இன்னா தலைகீழா பேசிகினு கீறீங்க? இருக்குன்னு நீங்க எழுதியிருக்கீங்க, இல்லன்னு ஸ்டேஷன் சொல்லுது. நான் இன்னான்னு எழுதறது? உங்கள நல்லாத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு சொல்லட்டும், பாக்கலாம்.”

ஒருவர் நான். இன்னொருவர் யார் என்று கேட்டபோது, “இருங்க,” என்று என் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரும்போது குடைக்குள் இரண்டு பேர். கூட வந்தவர் எழுபது வயதுக்காரர், காக்கிக் கால்சட்டை, மேலே துண்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரிலே இத்தனை பேர் இருக்க, இந்த மனிதரா கிடைத்தார்?

“பெரியவரே, நீங்க யாரு?” என்று போலீஸ்காரர் கேட்டார்.

“இந்தம்மா பூட்டி வெச்ச ஆளு.”

போலீஸ்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன்.

“நீங்களா வந்து இவங்க நல்லவங்கன்னு சொல்றீங்க?”

“என்னவிட யாருக்கு சார் தெரியும்? பூட்டினாங்க, ஆனா பசியோட வுடல. பூட்டு போட்டுகினே, ‘காரம் சாப்புடுவீங்களா’ன்னு கேட்டாங்க.”

“மறுபடி அந்த மாதிரி செய்வாங்களா?”

வால்வுக்காரர் நிதானமாக யோசித்தார். நான் கண்ணால் கெஞ்சினேன். “தண்ணி நின்னா செய்வாங்க. இப்ப ஒரு நாளு வுட்டு ஒரு நாளு வருது. பயம் இல்ல.”

போலீஸ்காரருக்குச் சிரிப்பு நிற்கவில்லை. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, “எங்க தெருவுல தண்ணி நின்னா உங்களக் கூப்புடறேன்மா,” என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார். என்ன எழுதினாரோ, எழுதின கை நல்ல கை. டிசம்பரில் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. கொண்டுவந்த தபால்காரருக்கும் வழக்கு சொல்லப்பட்டது என்று கேள்விப்பட்டேன். நான் அப்போது குளித்துக்கொண்டிருந்ததால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பொங்கல் கழிந்து கிளம்பினார். விமான நிலையத்துக்கு வழியனுப்ப நானும் வால்வுக்காரரும் போனோம். வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் பாஸ்போர்ட்டைக் கேட்டார். இந்த அம்மா அதை நீட்டிக்கொண்டே அவரிடம் ஏதோ சொன்னார். என்ன என்று எனக்குத் தெரியாதா? அந்தக் காவலர் வடக்கத்திக்காரர். ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிக் கையைக் காட்டி உள்ளே விட்டார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்து இந்தப் பக்கம் திரும்பி, தறி ஓடுகிறபோது பேசுகிற அதே தொண்டையில் கூவினார்:

“சொல்லிட்டேண்ணா.”

வரிசையில் நின்ற எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பத்து நாள் கழித்துப் பேரன் பிறந்தான். பாட்டியின் தொண்டைதான் என்று பாட்டியே போனில் சொன்னார்.

அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பிய அன்று மத்தியானம் திருத்தணி மின்ரயிலில் எங்களுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. திருவள்ளூர் தாண்டியதும் வால்வுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“சார், அந்தம்மா உங்ககிட்ட எல்லாம் சொல்லிகீறாங்க. ஃபைனு எவ்ளோன்னு சொன்னாங்களா?”

“இல்ல. கேட்டா கட்டியாச்சும்பாங்க.”

“கட்டினது நாந்தான்.”

ரயில் சத்தத்தில் சரியாகக் கேட்டேனா என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

“அன்னிக்கி அவங்க கையில பஸ்ஸுக்கு மட்டும்தான் இருந்துச்சு. கட்டலன்னா ஏழு நாளு உள்ள. வீட்டுக்காரரு தறிய வுட்டு வரல, ஆள் அனுப்பவும் நேரம் இல்ல. நான் அஞ்சு மணி வரைக்கும் அடைஞ்சி கெடந்தவன். அதுக்கு அவங்க ஏழு நாளா? நேராவுமா சார்? போய்க் கட்டிட்டேன். புகார்ல கையெழுத்துப் போட்டவனே ஃபைனும் கட்டினான்னு ஆபீசுல தெரிஞ்சா மெமோ வரும், வீட்டுல தெரிஞ்சா அதுக்கு மேல. யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மான்னு கேட்டுகினேன். அடுத்த வாரமே பணத்த எடுத்துகினு வந்தாங்க. நான் வாங்கல.”

“அவங்களா சொல்லாம இருந்தாங்க? இருபத்தெட்டு வருசமா?”

“ஆங். என்னப் பத்தினதாச்சே.”

ரயில் அரக்கோணத்தில் நின்றது. பூ விற்கிறவர்கள் ஏறினார்கள், முறுக்கு விற்கிறவர் இறங்கினார். நான் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

“எவ்வளவு?” என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, வண்டி நகர்ந்த பிறகு சொன்னார். இருநூற்றைம்பது ரூபாய்.